வண்டி வருவதற்கு முந்தைய பத்து நிமிடங்கள்

கேள்வி கேட்டவர் ஒரு பேரூராட்சியில் வசிப்பவர். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதம் தீயணைப்புத் துறையினர் அவர் ஊர்ப் பள்ளிக்கு வந்து செயல்விளக்கம் காட்டுகிறார்கள், ஈரச்சாக்கைப் போட்டு சிலிண்டர் தீயை அணைத்துக் காட்டுகிறார்கள், மறுநாள் நாளிதழில் படம் வருகிறது என்று எழுதியிருக்கிறார். இதனால் உண்மையிலேயே யாராவது உயிர் பிழைக்கிறார்களா, ஊராட்சி, பள்ளி, குடியிருப்போர் சங்கம் போன்றவை துறையோடு சேர்ந்து இதைவிட உருப்படியாக ஏதும் செய்ய முடியுமா என்று கேட்கிறார். பார்வைக்கு இரண்டு கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான்: தீ பிடித்த இடத்துக்கு வண்டி வந்து சேர்வதற்குள் நடந்து முடிய வேண்டிய காரியங்களை யார் செய்வது, அவர்களைத் துறை எப்படித் தயார்படுத்துவது?

நான் காவிரி டெல்டாவில் தீயணைப்போராகச் சேர்ந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். சிற்றூர், சிறு நகரம், குடிசைத் தெரு, வைக்கோல் போர், கல்யாண மண்டபம், கோயில் திருவிழா ஆகியவை நான் பழகிய களம். பெருநகர அடுக்குமாடிகளையும் ரசாயன ஆலைகளையும் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் துறையில் இருக்கிறார்கள். அவற்றை இங்கே தொடவில்லை.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு கணக்கு. எங்கள் வழக்கமான தண்ணீர் வண்டி 4,500 லிட்டர் கொள்ளும். இரண்டு குழாய்களை முழு வேகத்தில் திறந்தால் பத்து நிமிடத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். நிலையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துக்குக் குறுகிய சாலையில் வந்து சேர இருபது நிமிடமாவது ஆகும். காய்ந்த கூரை வீடு எரிந்து விழ அதில் பாதி நேரம்கூட வேண்டாம். ஆகவே குடிசைத் தீயில் நாங்கள் காப்பாற்றுவது பெரும்பாலும் பக்கத்து வீடுகளைத்தான். முதலில் பற்றிய வீட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்களா இல்லையா என்பது நாங்கள் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். 101 என்ற எண்ணைச் சுழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் ஊருக்கு இதை உரக்கச் சொல்லியாக வேண்டும்.

கோடையில் ஒரு குடிசைத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். நண்பகல், மேற்கிலிருந்து காற்று. தெருவின் ஒரு முனையில் அடுப்புப் பொறி கூரையில் ஏறிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று வீடுகள் தரைமட்டம், நான்காவது எரிந்துகொண்டிருந்தது. ஆனால் மூன்று காரியங்கள் எங்களுக்கு முன்பே நடந்திருந்தன. லைன்மேன் மின்மாற்றியில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார். அறுந்து கிடந்த கம்பியைத் தாண்டித் தயங்காமல் உள்ளே போக முடிந்தது. தெரு இளைஞர்கள் ஐந்தாவது வீட்டின் கூரையை அரிவாளாலும் கொக்கியாலும் பிரித்து இழுத்துப் போட்டிருந்தார்கள். தீ தாவ அங்கே கீற்று இல்லை. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர் தெருக்குழாய்களுக்குப் போகும் வால்வுகளை அடைத்துத் தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார். வண்டியின் தண்ணீர் தீர்ந்ததும் தொட்டியடியில் நிறுத்தி மறுபடியும் நிரப்பினோம். அந்த நேரத்தில் வயல் போர்வெல்களுக்கு மும்முனை மின்சாரம் இல்லை. தொட்டி ஒன்றுதான் எங்களுக்கு இருந்த வழி. தெரு பிழைத்தது அந்த மூன்று காரியங்களால்தான் என்று இன்றும் சொல்வேன்.

அவற்றைச் செய்தவர்களில் எவரும் செயல்விளக்க மேடையில் உட்கார்ந்தவர்கள் இல்லை. இதைத்தான் இந்தப் பதிலில் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். துறை உள்ளூரில் கூட்டாளி தேடும்போது தலைமையாசிரியர், பேரூராட்சித் தலைவர், சங்கச் செயலாளர் என்று பதவியில் இருப்பவர்களைத் தேடுகிறது. அவர்கள் தேவைதான், கூட்டத்தைக் கூட்ட அவர்களால்தான் முடியும். ஆனால் தீ நேரத்தில் கணக்கில் வருவது வால்வு, சுவிட்ச், சாவி ஆகிய மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்பது. தொட்டி இயக்குபவர், லைன்மேன், மண்டபக் காவலாளி, சத்துணவுச் சமையலர், சிலிண்டர் கொண்டுவந்து போடும் தம்பி, பள்ளி வேன் ஓட்டுநர் ஆகியோருக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் தனியாகப் பயிற்சி கொடுத்தால், அதன் பலன் ஐந்நூறு மாணவர்கள் வெயிலில் உட்கார்ந்து பார்க்கும் செயல்விளக்கத்தைவிட அதிகம். இது என் கருத்து. ஆய்வின் முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் களத்தில் பழகிய தீயணைப்போர் பலரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கும்பகோணத்தை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. அந்தக் கட்டடத்தைக் கல்வித் துறை, வருவாய்த் துறை, நகராட்சி என்று பல கண்கள் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தம் தாளை மட்டும் பார்த்தால் சமையல் கூடம், கூரை, படிக்கட்டு மூன்றும் ஒரே கட்டடத்தில் சேர்ந்திருப்பது எவர் கண்ணிலும் படாது. இன்று தனியார் பள்ளி அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீத்தடுப்புச் சான்று ஆகிய நான்கும் கேட்கப்படுகின்றன. பள்ளிகளில் கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. இவை உண்மையான மாற்றங்கள். கூரைகள் போனதால் குழந்தைகளின் ஆபத்து குறைந்தது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. நான்கு சான்றுகளும் நான்கு அலுவலகங்களிலிருந்து தனித்தனியாக வருகின்றன என்பதில்தான் இன்னும் கவலை. நான்கு அலுவலர்களும் ஒரே நாளில் ஒன்றாகப் பள்ளிக்குள் நடந்து பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. அப்படி நடந்த இடங்களில், தாளில் சரியாக இருந்த இரண்டாவது வழி பழைய பெஞ்சுகளால் அடைபட்டிருப்பது போன்ற விஷயங்கள் உடனே தெரியவந்தன. அன்றைக்கே அகற்றவும் முடிந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தல் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மணமகனும் அவர்களில் ஒருவர். மண்டபங்களைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் கற்றது, பூட்டைப் பற்றியது. கூட்டம் பந்திக்கு முண்டியடிக்கக் கூடாது என்று சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு கதவைச் சங்கிலியிடுவார்கள். பாத்திரம் திருட்டுப் போகக் கூடாது என்று பின்வாசலைப் பூட்டுவார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சாவி சமையல் காண்டிராக்டர் இடுப்பில் இருக்கும். அவர் காய்கறி வாங்கப் போயிருப்பார். உரிமம் கொடுக்கும்போது கதவுகளை எண்ணிப் பார்க்கும் அதிகாரி முகூர்த்தத்தன்று அங்கே இருப்பதில்லை. அன்று இருப்பவர் மண்டப மேலாளர். ஆகவே மேலாளர்களையும் பந்தல் போடுபவர்களையும் ஒலி ஒளி அமைப்பவர்களையும் முகூர்த்த மாதங்கள் தொடங்குமுன் ஒருநாள் நிலையத்துக்கு அழைத்துப் பேசுவது நல்ல பழக்கம். அதிகாரத் தோரணை இல்லாமல் பேசினால் வருகிறார்கள், கேட்கிறார்கள், தங்கள் சிரமங்களையும் சொல்கிறார்கள். திருட்டுப் பயத்துக்கும் தீப்பயத்துக்கும் சேர்த்து ஒரு வழி வேண்டும். உள்ளிருந்து கையால் தள்ளித் திறக்கும் தாழ்ப்பாள் அப்படியொரு வழி.

துறைகளுக்கு நடுவே விழும் இடைவெளிக்கு இன்னொரு சான்று தஞ்சாவூர் அருகே களிமேடு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, திருவிழாச் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். கம்பி மின்வாரியத்தினுடையது, சாலை வேறு துறையினுடையது, சப்பரம் ஊர்க்காரர்களுடையது. மூன்றின் உயரத்தையும் ஒருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு விழாக்குழு, லைன்மேன், நிலையத்திலிருந்து ஒருவர், காவல் நிலையத்திலிருந்து ஒருவர் நால்வரும் சேர்ந்து சப்பர உயரத்துக்கு ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு வீதி முழுக்க நடந்தால் போதும். செலவு எதுவும் கிடையாது.

இப்போது செயல்விளக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கேட்டவரின் ஐயம் அதில்தான் இருக்கிறது. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிபொருளும் பருத்தியும் ஏற்றியிருந்த கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். அதை வெறும் படத்துக்கான நிகழ்ச்சி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். குழந்தைகள் சீருடைக்காரரிடம் பயமில்லாமல் பேசுகிறார்கள், எண் மனத்தில் பதிகிறது, சில வீடுகளில் அன்று மாலை அடுப்படிப் பேச்சு நடக்கிறது. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதே, அடுப்பை அணைத்துத் தட்டால் மூடு என்பதைச் சொல்லித் தந்தால் அது பயன்படுகிறது, இது உறுதி. எரிவாயு நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதே, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போ, 1906 என்ற எரிவாயு அவசர உதவி எண்ணுக்குச் சொல் என்பதும் அப்படியே. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். சாளரம் திறந்திருக்கிறது என்று நம்பி விளக்கைப் போட்டவர்கள் கருகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஈரச்சாக்குக் காட்சியில் மட்டும் எனக்கு ஒரு கவலை உண்டு. வாய்ப்பகுதியில் மட்டும் எரியும் சிலிண்டரைச் சாக்கால் மூடி வால்வை அடைப்பது சரியான முறைதான். ஆனால் பார்ப்பவர் மனத்தில் பதிவது, எரியும் சிலிண்டரை நோக்கிப் போகலாம் என்பது. சுற்றிலும் தீ சூழ்ந்து சிலிண்டரே சூடேறிக்கொண்டிருந்தால் அருகே போகவே கூடாது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு விலக வேண்டும். வால்வை மூட முடியாத நிலையில் சுடரை மட்டும் அணைத்துவிட்டால் எரிவாயு கசிந்து அறையை நிரப்பி இன்னும் பெரிய வெடிப்பாக முடியும். செயல்விளக்கத்தில் துணிச்சலைக் காட்டும் நேரத்தில் பாதியையாவது எப்போது விலகுவது என்பதற்குக் கொடுக்க வேண்டும். தீயணைப்பானுக்கும் இது பொருந்தும். 6 கிலோ பவுடர் கருவி இருபது விநாடி அளவில்தான் பீய்ச்சும். அதற்குள் அடங்காத தீ உங்களுடைய வேலை இல்லை. ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டால் புகைக்குள் போகலாம் என்று பலர் நம்புகிறார்கள். கரித்தூளை அது ஓரளவு தடுக்கலாம். உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. வெளியேறும்போது கட்டிக்கொள்வதில் தவறில்லை, உள்ளே நுழைய அது உரிமம் ஆகாது.

இந்த முயற்சிகளால் உயிரிழப்பு குறைகிறது என்று எண்ணிக்கையால் காட்ட முடியுமா? இங்கேதான் தயக்கத்தோடு பேச வேண்டும். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம், தீப்பாதுகாப்பை மக்களிடையே பரப்புவதைத் தீயணைப்புத் துறையின் கடமையாகவே ஆக்கியது. தீயணைப்போர் முதியோர் வீடுகளுக்குப் போகிறார்கள், புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துகிறார்கள், யார் தனியாக இருக்கிறார்கள் என்பதை மருத்துவத் துறையினரிடமிருந்து அறிந்துகொள்கிறார்கள். அங்கே தீ இறப்புகள் சில பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. ஆனால் அதே காலத்தில் புகைபிடிப்போர் குறைந்தார்கள். எளிதில் பற்றாத மெத்தை, சோபாவுக்கான விதிகள் 1988இல் வந்தன. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது அங்கேயே எளிதாக இல்லை. நம் ஊரில் அது இன்னும் கடினம், காரணம் எங்கள் பதிவேட்டில் எங்களை அழைத்த தீ மட்டுமே இருக்கும். சேலையில் பற்றி, பக்கத்து வீட்டார் போர்வையால் அணைத்து, 108 வண்டியில் நேரே மருத்துவமனைக்குப் போன பெண் எங்கள் கணக்கிலேயே வரமாட்டார். தீக்காயப் பிரிவின் பதிவேடும் நிலையத்தின் பதிவேடும் இரண்டு வெவ்வேறு ஊர்களைப் பற்றியவைபோல இருக்கும். ஆகவே துறைக்கு மிகவும் தேவைப்படும் கூட்டாளி அரசு மருத்துவமனை என்பேன். எந்தத் தெருவிலிருந்து, எந்த அடுப்பால், எந்த வயதினர் வருகிறார்கள் என்பதைப் பெயர் இல்லாமல் மாதம் ஒருமுறை சொன்னால்கூட, எங்கே போய்ப் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஏற்கெனவே வீடு வீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரின் கட்டிலுக்கடியில் கொசுவத்தி எரிவதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுக்கத் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உதவ வரும் கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது இறந்தவர்களில் பலர், முதல் வெடிப்புக்குப் பிறகு உதவவும் பார்க்கவும் ஓடி வந்த சுற்றுவட்டார மக்கள். நல்ல மனம் மட்டும் போதாது, எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும் என்பதற்கு அதைவிட வேதனையான சான்று வேண்டாம். மறுபக்கம், 2015 வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் மீனவர்கள் படகைக் கொண்டுவந்து எத்தனையோ பேரை மீட்டார்கள். தண்ணீரை அறிந்தவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு, ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்தோடும் ஐம்பது தன்னார்வலர்களை இணைத்துப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். தன்னார்வலர் மாவட்டத் தலைநகரில் ஒரு பட்டியலில் இருக்காமல், தம் ஊர் நிலையத்தின் ஆளாக இருக்கிறார். நிலைய அலுவலருக்கு அவர் முகம் தெரியும். நம்மிடம் ஆப்த மித்ரா என்ற பேரிடர் தன்னார்வலர் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அருகிலுள்ள நிலையத்தினரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியிருக்கும் ஊரில் வேலை வேறு மாதிரி நடக்கிறது. கயிற்றைப் பிடி என்றால் யார் பிடிப்பார், கூட்டத்தைத் தள்ளு என்றால் யார் தள்ளுவார் என்று தெரியாதவர்களோடு கிணற்று மீட்பில் நிற்பது கொடுமை.

கேட்டவர் தம் ஊரில் தொடங்க விரும்பினால், நிலைய அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். பேரூராட்சிச் செயல் அலுவலர் கையெழுத்தும் இருந்தால் நல்லது. செயல்விளக்கம் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஊரை ஒருமுறை நடந்து பார்க்க வரச் சொல்லுங்கள். வண்டி நிரப்பக்கூடிய இடங்கள் எவை, குளத்தில் கோடையில் தண்ணீர் நிற்குமா, எந்தத் தெருவில் வண்டி திரும்பாது, எந்த வரவேற்பு வளைவு உயரம் குறைந்தது என்பவற்றை ஒரு தாளில் குறித்து, ஒரு பிரதியை நிலையத்தில் கொடுங்கள். தொட்டி இயக்குபவர், லைன்மேன், எரிவாயு ஏஜென்சி, மண்டப மேலாளர் ஆகியோரின் எண்கள் நிலையத்துத் தொலைபேசிக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கட்டும். ஆள் மாறும்போது எண்ணை மாற்றும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும், இல்லையென்றால் ஓராண்டில் அந்தத் தாள் பயனற்றுப் போகும். ஏஜென்சியிடம் பேசி, சிலிண்டர் போடும்போதே ரப்பர் குழாயைப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும், பல வீடுகளில் மாற்றுவதில்லை. அலுவலர் இணங்காமலும் போகலாம். ஆள் பற்றாக்குறை உண்மையானது; இருக்கும் சிலரே தீக்கும் கிணற்றுக்கும் பாம்புக்கும் ஓட வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் போய்க் கேளுங்கள். ஒத்திகைக்கு அவர் இசைந்தால் அதைப் பகல் பதினொரு மணிக்கு வைக்க வேண்டாம். எல்லோரும் வீடு திரும்பி, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருக்கும் இரவு ஒன்பது மணிக்கு, தெருக்கோடி வீடுவரை தண்ணீர் வண்டியை ஓட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.